டெல்லியில் ஒரு கேள்வி, ஊரில் ஒரு மனு

மக்களவை உறுப்பினரின் வேலை இரண்டு ஊர்களில் நடக்கிறது. நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் டெல்லியில். மற்ற நாட்களில் அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியில். தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். 2024 தேர்தலின்போது மாநிலத்தில் வாக்காளர்கள் சுமார் 6.23 கோடி பேர். சராசரியாகக் கணக்கிட்டால் ஓர் எம்.பி.க்குப் பதினாறு லட்சம் வாக்காளர்கள் வருகிறார்கள். தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. கரூர் மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொண்டால், வேடசந்தூர் திண்டுக்கல் மாவட்டத்திலும், மணப்பாறை திருச்சி மாவட்டத்திலும், விராலிமலை புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. அந்தத் தொகுதியின் எம்.பி. நான்கு ஆட்சியர் அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள். ஜனவரி இறுதியில் தொடங்கி, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, ஏப்ரல் வரை போகும் பட்ஜெட் தொடர். ஜூலை, ஆகஸ்டில் மழைக்காலத் தொடர். நவம்பர், டிசம்பரில் குளிர்காலத் தொடர். இரண்டு தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 85ஆவது பிரிவு. எத்தனை நாட்கள் கூட வேண்டும் என்று அது சொல்லவில்லை. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 2019இல் அமைந்த பதினேழாவது மக்களவை ஐந்து ஆண்டுகளிலும் சேர்த்தே 274 நாட்கள்தான் கூடியது. ஆண்டுக்கு 55 நாட்கள். இந்தச் சரிவை வெறும் புள்ளிவிவரமாகக் கடந்துவிட முடியாது. கூடாத ஒவ்வொரு நாளும் கேட்கப்படாமல் போகும் கேள்விகள் எத்தனை என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும்.

தொடர் நடக்கும் வாரங்களில் திங்கள் காலை அவைக்கு வந்து, வெள்ளி மாலை ஊருக்கு விமானம் ஏறுவது தென்மாநில எம்.பி.க்கள் பலருக்கு வழக்கம். ஆண்டுக்கு 34 விமானப் பயணங்கள் அவர்களுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. சனி, ஞாயிறு தொகுதியில் கழியும். கல்யாணம், காதுகுத்து, துக்கவீடு, கோயில் குடமுழுக்கு, கட்சிக்காரர் வீட்டு விசேஷம் என்று அழைப்பிதழ்கள் குவிந்து கிடக்கும். போகாவிட்டால் கோபம் வரும். ஊரார் ஒரு எம்.பி.யை அளக்கும் முதல் அளவுகோல் இந்த முகம் காட்டல்தான். நாடாளுமன்றத்தில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை.

தொகுதி அலுவலகத்தின் உண்மையான வேலை மனுக்களில் இருக்கிறது. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொண்டுவரும் மனுக்களில் பெரும் பகுதி எம்.பி.யின் கைக்குள் வராதவை. பட்டா மாற்றம், ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் மாநில அரசிடமோ உள்ளாட்சியிடமோ இருப்பவை. பெரிய பதவியில் இருப்பவரிடம் சொன்னால் சின்ன வேலை சட்டென்று முடியும் என்பது மக்களின் கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கத் தவறும் இல்லை. எம்.பி.யின் கடிதத் தாளில் போகும் வேண்டுகோளை ஒரு வட்டாட்சியர் எளிதில் ஓரம் வைத்துவிட மாட்டார்.

மத்திய அரசு சம்பந்தப்பட்ட மனுக்கள் வேறு ரகம். வங்கியில் நிறுத்தப்பட்ட கல்விக்கடன், ஆண்டுக்கணக்கில் வராத பி.எஃப். பணம், நூறு நாள் வேலைக்குப் பாக்கி நிற்கும் கூலி, காவல்துறை விசாரணையில் சிக்கிய பாஸ்போர்ட், மழை பெய்தால் குளமாகும் ரயில்வே சுரங்கப்பாதை, வளைகுடா நாட்டில் இறந்தவரின் உடலைக் கொண்டுவரும் ஏற்பாடு. ராமநாதபுரம், நாகப்பட்டினம் தொகுதிகளில் இவற்றோடு, இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்களின் குடும்பங்களும் வரும். படகின் பதிவு எண், போனவர்களின் பெயர்கள், புறப்பட்ட துறை, பிடிபட்ட நாள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வாங்கி, வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. உதவியாளருக்கு மனு எழுதத் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும். கணக்கு எண் இல்லாத, தேதி இல்லாத மனு டெல்லிக்குப் போனாலும் வெறும் காகிதமாகத்தான் திரும்பும்.

சிகிச்சை உதவி கேட்டு வருபவர்களும் ஏராளம். புற்றுநோய்க்கோ இதய அறுவைச் சிகிச்சைக்கோ மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டையும் வருமானச் சான்றையும் இணைத்து, பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு எம்.பி. பரிந்துரைக் கடிதம் தருகிறார். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கப் பரிந்துரைக்கும் உரிமையும் முன்பு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கேட்டு, பத்துப் பேருக்கு மட்டும் கிடைக்கும் அந்த ஏற்பாடு 2022இல் நிறுத்தப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்ற தீராத தலைவலியும் அதோடு போயிற்று.

கடிதம் சாதாரணக் கருவியாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மதுரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை துணை மருத்துவப் பணியிடங்களுக்குத் தேர்வு அறிவித்தது. தேர்வு மையங்களின் பட்டியலில் தமிழ்நாட்டு ஊரோ புதுச்சேரியோ இல்லை. இங்கும் ஒரு மையம் வேண்டும் என்று மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் மத்திய உள்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறை இணை அமைச்சரிடமிருந்து பதில் இந்தியில் வந்தது. வெங்கடேசன் அதோடு விடாமல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் தருவது மத்திய அரசின் கடமை என்று 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வெழுத நெடுந்தூரம் போக வேண்டிய இளைஞர்களுக்காகத் தொடங்கிய கடிதம், அதற்குப் பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்ற வழக்காக முடிந்தது.

கடிதத்துக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம். கேள்விக்கு அப்படியில்லை. நாடாளுமன்றத்தில் அனுமதிக்கப்பட்ட கேள்விக்குக் குறிப்பிட்ட நாளில் அமைச்சர் பதில் தந்தே ஆக வேண்டும். எம்.பி.யிடம் இருக்கும் கருவிகளில் செலவே இல்லாததும் கூர்மையானதும் இதுதான்.

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். பதினைந்து நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யாருடைய கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்வார், கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் போடலாம். நட்சத்திரமில்லாக் கேள்விகள் ஒரு நாளுக்கு 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் பதில். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு நட்சத்திரக் கேள்விகளுக்கு மேல் வாய்மொழியாக முடிவதில்லை. மீதிக் கேள்விகளின் பதில்களும் எழுத்தில் அவை முன் வைக்கப்பட்டுவிடும்.

ஊரில் வாங்கிய மனு கேள்வியாக மாறும் விதத்தைக் கிட்ட இருந்து பார்க்கலாம். ஒரு ஊரில் ரயில்வே மேம்பாலம் பாதியில் நிற்கிறது. இருபுறமும் தூண்கள் எழும்பி, நடுவில் கம்பிகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறார்கள். இது அவையில் நான்கு கூறுகளாகப் போகும்: (அ) இன்ன இடத்தில் மேம்பாலப் பணி நின்றிருப்பது அரசுக்குத் தெரியுமா, (ஆ) தெரியுமெனில் காரணம் என்ன, (இ) ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, (ஈ) எப்போது முடியும்? கூறு கூறாகப் பிரிப்பதில்தான் திறமை இருக்கிறது. ‘பணியை விரைந்து முடிக்க அரசு நடவடிக்கை எடுக்குமா?’ என்று கேட்டால், ‘எடுக்கும்’ என்ற ஒரு சொல்லோடு அமைச்சர் உட்கார்ந்துவிடலாம். தொகையையும் தேதியையும் கேட்டால், தொகையையும் தேதியையும் எழுதித் தர வேண்டியிருக்கிறது. பாலத்தின் அணுகுசாலைக்கு நிலம் எடுத்துத் தருவதில் தாமதம் என்று பதிலில் இருந்தால், அடுத்துத் தட்ட வேண்டியது மாநில அரசின் கதவை என்று தெரிந்துவிடும். ஊரில் பத்து ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாத காரணம், இப்படி அமைச்சரின் பெயரில் அச்சிட்ட தாளாகக் கைக்கு வருகிறது.

பதில் தருவதிலும் அரசுத் துறைகளுக்கென்று சில நெளிவுசுளிவுகள் உண்டு. ‘அ முதல் ஈ வரை’ என்று எல்லாக் கூறுகளையும் ஒன்றாகச் சேர்த்து நீளமான பத்தி எழுதினால், எந்தக் கூறுக்குப் பதில் விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். முதல் கூறுக்கு ‘இல்லை’ என்றால், மற்றவற்றுக்கு ‘கேள்வி எழவில்லை’ என்று வரும். ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்பதும் அடிக்கடி வரும் வாசகம். தட்டிக்கழிப்பதுபோல் தெரிந்தாலும் இதற்குப் பின்விளைவு உண்டு. அப்படிச் சொன்னது உறுதிமொழியாகப் பதிவாகிவிடும்; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒரு நாடாளுமன்றக் குழு இருக்கிறது. விடாமல் துரத்தும் எம்.பி.க்கு இது நல்ல பிடி.

ஒரு கேள்வி நிதியமைச்சரையே பதவி இறக்கியதும் நடந்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொட்டியது ஏன் என்று 1957இல் மக்களவையில் துருவியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். அப்படியிருந்தும் விடவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அறுபது ஆண்டு கடந்தும் இதையே காட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. இதே கருவி விலைபோன கதையும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவானதால் 2005 டிசம்பரில் பதினோரு எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள்.

பதினைந்து நாள் காத்திருக்க முடியாத விஷயங்களுக்கு நேரமில்லா நேரம் இருக்கிறது. புயல், படகு கவிழ்ந்தது, திடீரென்று மூடப்பட்ட தொழிற்சாலை போன்றவை. விதிப்புத்தகத்தில் இல்லாமல் வழக்கத்தால் நிலைத்துவிட்ட நேரம் இது. காலையில் எழுதிக் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால், ஓரிரு நிமிடம் பேசலாம். அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 377ஆவது விதியின் கீழ் தொகுதிப் பிரச்சினையைச் சுருக்கமாக எழுதிப் பதிவு செய்யும் வழியும் உண்டு. இதற்குச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்திலிருந்து பின்னர் கடிதம் வரும். சமூக வலைத்தளங்களில் சுற்றும் எம்.பி.க்களின் காணொளிகள் பெரும்பாலும் இந்த நேரமில்லா நேரப் பேச்சுகள்தான். அவற்றில் சூடு இருக்கும், ஆனால் கையில் சிக்கும் பதில் அரிது.

காணொளியில் சிக்காத வேலை நிலைக்குழுக்களில் நடக்கிறது. துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் பதினேழாகத் தொடங்கி, 2004இல் இருபத்து நான்காயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. கதவு மூடிய அறையில் கூடும். துறைச் செயலாளர்களை அழைத்து உட்காரவைத்து, ஒதுக்கிய பணம் எங்கே போனது, ஏன் செலவாகவில்லை என்று கேட்கும். கேமரா இல்லாததால் கட்சி மேடைப் பேச்சுக்கு அங்கே தேவை குறைவு; எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவதும் நடக்கிறது. பட்ஜெட் தொடரின் நடுவே இடைவெளி விடப்படுவதே இந்தக் குழுக்கள் துறைகளின் செலவுக்கான மானியக் கோரிக்கைகளைப் படித்துப் பார்ப்பதற்காகத்தான். அவையில் பெரும்பாலான துறைகளின் மானியங்கள் விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறிவிடுவதால், பல துறைகளின் கணக்கை எம்.பி.க்கள் உட்கார்ந்து பார்க்கும் ஒரே இடம் குழு அறையாகிவிடுகிறது.

சட்டம் இயற்றுவது எம்.பி.யின் முதல் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் தனி உறுப்பினருக்கு அதில் இடம் குறுகலானது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். சொந்தமாக மசோதா கொண்டுவர வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனிநபர் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிக் கடைசியாகச் சட்டமானது 1970இல். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2015 ஏப்ரல் 24 அன்று, திருநர் உரிமைகளுக்காக அந்த அவையின் உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசே தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து, 2019இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் மீது திருநர்களுக்குப் பல குறைகள் உண்டு. ஆனாலும் நாடு அந்த விஷயத்தைப் பேசாமல் இருக்க முடியாதபடி செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மசோதா.

தொகுதியில் கண்ணுக்குத் தெரியும் வேலை என்றால் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் முதலாண்டு ஓர் எம்.பி.க்கு 5 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே ஒரு கோடி. 1998–99 முதல் 2 கோடி. 2011–12 முதல் 5 கோடி. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் கொடுத்தார்கள். ஐந்து கோடி பெரிய தொகையாகத் தெரியும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 83 லட்சம். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வின் நிதியே ஆண்டுக்கு 3 கோடி. எம்.பி.யைக் கேட்டால் ஊருக்குப் பாலம் வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவது நல்லது.

பணம் எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் சரிபார்த்து அனுமதி தருவார், பணத்தை விடுவிப்பதும் வேலையை நடத்துவதும் அரசு இயந்திரம். ஒரு பேருந்து நிழற்குடை என்று வைத்துக்கொண்டால், ஊர்க்காரர்கள் மனு கொடுக்க, எம்.பி. பரிந்துரைக் கடிதம் எழுத, அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு வருகிறது. இடம் யாருடையது என்று பார்க்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறையின் இடமென்றால் அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பொறியாளர் மதிப்பீடு போடுகிறார். 45 நாட்களுக்குள் அனுமதி என்பது விதி. பிறகு டெண்டர், கட்டுமானம், அளவுப் புத்தகம், பட்டியல். கடைசியில் எம்.பி.யின் பெயர் பொறித்த கல்வெட்டு. நிழற்குடையைவிடக் கல்வெட்டு உயரமாக நிற்கும் ஊர்களும் இருக்கின்றன. தனியார் இடத்தில் கட்ட முடியாது. தொகையில் பதினைந்து சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், ஏழரை சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். இந்தத் திட்டமே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, சமுதாயக்கூடம் ஆகியவை பயனற்றவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெயிலில் நிற்கும் பாட்டிக்கு நிழற்குடை தேவைதான். ஆனால் ஐந்து கோடியைக் கொண்டு ஓர் எம்.பி.யை மதிப்பிடும் பழக்கத்தால், பல நூறு கோடி புரளும் இன்னொரு மேசை கவனத்துக்கு வராமல் போகிறது. அதன் பெயர் திஷா குழு. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. 2016இல் அமைக்கப்பட்டது. தலைவர் எம்.பி., செயலாளர் ஆட்சியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், கிராமச் சாலை, குடிநீர், மதிய உணவு என்று மத்திய அரசுப் பணம் வரும் திட்டங்கள் எல்லாவற்றின் கணக்கையும் துறை அதிகாரிகள் அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். எந்த ஒன்றியத்தில் கூலி பாக்கி, எந்த ஊராட்சியில் வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. தயாரிப்போடு வரும் எம்.பி. இருந்தால் அந்தக் கூட்டம் சாயங்காலம் வரை நீளும். இல்லாவிட்டால் டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும்.

ரயில்வே கோட்டங்களும் தெற்கு ரயில்வே பொதுமேலாளரும் எம்.பி.க்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டங்களும் உண்டு. அங்கே அதிகம் கேட்கப்படுவது ரயில் நிறுத்தம். ரயில்வே பெரும்பாலும் சோதனை அடிப்படையில்தான் நிறுத்தம் தரும். அந்த நிலையத்தில் டிக்கெட் போதுமான அளவு விற்றால் நீட்டிக்கும். நிறுத்தம் வாங்கித் தந்த நாளில் மாலையும் பட்டாசுமாக ரயிலுக்குக் கொடியசைப்பார்கள். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது, அந்த நிலையத்தில் டிக்கெட் எடுத்து ஏறும் பயணிகளின் கையில்.

ஐந்தாண்டு முடிந்து மக்களவை கலைக்கப்படும்போது கணக்கு வேறுவிதமாக முடிகிறது. அவையில் நிலுவையிலிருந்த மசோதாக்கள், தனிநபர் மசோதாக்கள் உட்பட, காலாவதியாகும். குழுக்கள் கலையும். செலவாகாத தொகுதி நிதி, புதிதாக வருபவரின் கணக்கில் சேரும். அனுமதி பெற்ற வேலைகள் பழையவரின் பரிந்துரைப்படியே நடக்கும். அமைச்சர்கள் தந்த உறுதிமொழிகள் மட்டும் காலாவதியாவதில்லை. நின்றுபோன மேம்பாலத்தைப் பற்றித் ‘தகவல் திரட்டப்படும்’ என்று எப்போதோ எழுதித் தந்த தாள், அடுத்த மக்களவையின் உறுதிமொழிகள் குழுவின் மேசையில் அப்படியே இருக்கும்.